செல்லப்பெயரிலிருந்து இயற்பெயர்: பெண்மகவுப் பெயரீட்டில் ஒலியும் புணர்ச்சியும் ஆவணமும்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தைக்கு முதலில் இயற்பெயரைச் சூட்டி, அது நாளடைவில் வீட்டு வழக்கில் குறுகிச் செல்லப்பெயராவது தமிழ்ப் பெயரீட்டில் நெடுங்காலமாகக் காணப்படும் நெறி. அண்மைக்காலத்தில் இதற்கு எதிர்த்திசையும் வலுப்பெற்றுள்ளது. பெற்றோர் பெண்மகவை விருப்பமான ஒரு செல்லப்பெயரால் அழைக்கத் தொடங்கி, பின்னர் அதனோடு பொருந்தும் இயற்பெயரைத் தேடுகின்றனர். இத்தேடலில் செயற்படும் ஒலியியல், சொல்லாக்க நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது. செல்லப்பெயரை மதிப்புப்பெயராக உயர்த்தும் ஒட்டுகள் தமிழில் முன்பே வளமாக இருந்தன என்பதையும், அவை அருகியதால் தோன்றிய வெற்றிடமே இன்றைய தேடலுக்கு ஒரு காரணம் என்பதையும் எடுத்துரைக்கிறது. ஆவண உலகில் இத்தேர்வு பெண்ணின் உரிமையோடு தொடர்புறுவதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பெயரீடு, செல்லப்பெயர், இயற்பெயர், மரூஉ, விளி, புணர்ச்சி, பெயர்ப் பதிவு.

1. முன்னுரை

தொல்காப்பியம் பெயரியலில் விரவுப்பெயர்களை வகுக்கும்போது இயற்பெயர், சினைப்பெயர், சினைமுதற்பெயர், முறைப்பெயர் என்பவற்றை முன்வைக்கிறது. ஒருவருக்கு இடப்பட்டு வழங்கும் பெயர் இயற்பெயர். வீட்டார் அன்பினால் வழங்கும் பெயருக்கு இலக்கண நூல்கள் தனி வகை வகுக்கவில்லை. ஆயினும் அதன் இயல்புகளை விளக்கும் கருத்துகள் இலக்கண மரபில் பலவிடத்தும் உள்ளன. அவற்றைத் தொகுத்து நோக்கினால் செல்லப்பெயர் எத்தகைய சொல் என்பதும், அதிலிருந்து ஓர் இயற்பெயரை எவ்வாறு பெறலாம் என்பதும் தெளிவாகும்.

இங்கு எடுத்தாளப்படும் பெயர்கள் தமிழகத்தில் பரவலாக வழங்குவன. பெண்பாற் பெயர்கள் மட்டுமே ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளன.

2. செல்லப்பெயரின் இலக்கண இயல்பு

செல்லப்பெயர் மூன்று இயல்புகளின் கூட்டாக அமைகிறது.

முதலாவது, அது விளியிலிருந்து பிறப்பது. அழைக்கும்போது பெயரின் ஈறு திரியும் முறையைத் தொல்காப்பியம் விளிமரபில் விரித்துரைக்கிறது. இகர ஈறு ஈகாரமாகவும் ஐகார ஈறு ஆய் எனவும் திரிவது அங்குக் கூறப்படுகிறது. உயர்திணையில் விளிகொள்ளும் உயிரீறுகளாக இ, உ, ஐ, ஓ என்னும் நான்கும் சுட்டப்படுகின்றன. இன்றைய பெண்பாற் செல்லப்பெயர்களில் உகர இகர ஈறுகளே மிகுதி என்பது இவ்விடத்து நினையத்தக்கது. மீனு, காமு, கோமு, பாரு, ஜானு, சரசு என்பன உகர ஈறு. ராஜி, விஜி, புவி என்பன இகர ஈறு. இவ்வீறுகள் நீட்டி அழைப்பதற்கு எளியன.

இரண்டாவது, அது மரூஉவின் இயல்புடையது. நன்னூல் இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாக வகுக்கிறது. தஞ்சாவூர் தஞ்சை எனக் குறுகுவதுபோல மீனாட்சி மீனு எனக் குறுகுகிறது. ஆனால் ஊர்ப்பெயர் மரூஉ ஊரார் அனைவருக்கும் பொது. செல்லப்பெயரோ ஒரு குடும்பத்தின் எல்லைக்குள் மட்டும் வழங்குவது. இவ்வகையில் அது தகுதி வழக்கின் ஒரு கூறான குழூஉக்குறியை ஒத்திருக்கிறது. ஒரே பெண் தாய்வீட்டில் ஒரு பெயராலும் தாய்மாமன் வீட்டில் வேறொரு பெயராலும் அழைக்கப்படுவது இதனாலேயே.

மூன்றாவது, அது உவகையால் வரும் வழுவமைதியை ஏற்பது. மகளைத் தாய் 'வா, ராஜா' என்று ஆண்பாற் சொல்லால் அழைப்பதும், 'சிட்டு', 'கிளி', 'பட்டு' என்று அஃறிணைச் சொல்லால் அழைப்பதும் உவப்பின்கண் வழுவன்று என்பது மரபிலக்கணக் கொள்கை. பெண்மகவின் செல்லப்பெயர் பெண்பாற் சொல்லாகவோ உயர்திணைச் சொல்லாகவோ இருக்க வேண்டுவதில்லை. இயற்பெயரைத் தேடும்போது எழும் சிக்கல்கள் சில இவ்விடத்தேதான் தொடங்குகின்றன.

3. இருவகைச் செல்லப்பெயர்

தோற்ற அடிப்படையில் செல்லப்பெயர்களைச் சிதைவுப்பெயர், அன்புச்சொற்பெயர் என இருவகைப்படுத்தலாம்.

சிதைவுப்பெயர் ஓர் இயற்பெயரின் பகுதியிலிருந்து அமைவது. பெரும்பாலும் பெயரின் முதற்பகுதி நின்று, ஈரசை அளவில் சுருங்கி, ஈறு உகரமாகவோ இகரமாகவோ மாறும். காமாட்சி காமு ஆவதும், கோமதி கோமு ஆவதும், பார்வதி பாரு ஆவதும், ராஜேஸ்வரி ராஜி ஆவதும் இந்நெறி. மெய்ம்மயக்கம் வருமிடத்து அது எளிதாக்கப்படும். லட்சுமி லச்சி ஆவது அதற்குச் சான்று. தொகைப்பெயராயின் பிற்பகுதி நிற்பதும் உண்டு. தமிழ்ச்செல்வி செல்வி எனவும், பூங்குழலி குழலி எனவும், மங்கையர்க்கரசி அரசி எனவும் வழங்குவன அவ்வாறு.

அன்புச்சொற்பெயர் எவ்வியற்பெயரையும் சாராதது. அம்மு, பாப்பா, குட்டி, செல்லம், தங்கம், கண்ணம்மா, குஞ்சு, பொம்மி முதலியன இவ்வகை. இசையரசி எம்.எஸ். சுப்புலட்சுமியை வீட்டார் 'குஞ்சம்மா' என்றழைத்தனர். முன்னாள் முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதாவின் வீட்டுப்பெயர் 'அம்மு'. இவ்விரண்டிலும் செல்லப்பெயருக்கும் இயற்பெயருக்கும் ஒலித்தொடர்பில்லை.

சிதைவுப்பெயர்களில் ஈறு காட்டும் படிநிலை தனித்துக் குறிப்பிடத்தக்கது. மீனு, மீனா, மீனாட்சி என்னும் மூன்றையும் ஒப்பிட்டால், உகர ஈறு வீட்டுக்குரியதாகவும், ஆகார ஈறு வீட்டுக்கும் வெளிக்கும் பொதுவாகவும், முழுவடிவம் வெளிக்குரியதாகவும் நிற்பதைக் காணலாம். விசாலாட்சியிலிருந்து வந்த விசாலம், அகிலாண்டேஸ்வரியிலிருந்து வந்த அகிலா, புவனேஸ்வரியிலிருந்து வந்த புவனா ஆகியன இடைநிலை வடிவங்கள். இவை பின்னர்த் தாமே இயற்பெயர்களாகவும் இடப்பட்டன. செல்லப்பெயரிலிருந்து இயற்பெயருக்குச் செல்லும் வழி தமிழ் வழக்கில் முன்பே திறந்திருந்தது என்பதற்கு இவ்விடைநிலை வடிவங்கள் சான்றாகும்.

4. பெயர்த்தியும் பெயர் சொல்லாமையும்

பேரன், பேத்தி என்று இன்று வழங்கும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபு. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குபவர் என்பது இச்சொற்களின் பொருள். இம்முறையில் பெண்மகவுக்கு இடப்படும் பெயர் பெரும்பாலும் தந்தைவழிப் பாட்டியினுடையது. மாமியார் பெயரை மருமகள் வாயாற் சொல்லலாகாது என்னும் வழக்கம் நிலவிய குடும்பங்களில், தாய் தன் மகளையே அவள் பெயரால் அழைக்க இயலாத நிலை ஏற்பட்டது. அங்குச் செல்லப்பெயர் அன்பின் வெளிப்பாடு மட்டுமன்று. தவிர்க்கவியலாத தேவையும் ஆகும்.

இந்த அமைப்பில் இயற்பெயர் மரபால் முன்பே முடிவானது. தாய்க்கு உரிமையுடைய பெயர் செல்லப்பெயர் ஒன்றே. இன்று பெற்றோர், சிறப்பாகத் தாய், முதலில் செல்லப்பெயரைத் தேர்ந்து அதற்கேற்ப இயற்பெயரைத் தீர்மானிப்பதை இப்பின்னணியில் வைத்துக் காண வேண்டும். பெயரிடும் உரிமை குலமுதியோரிடமிருந்து பெற்றோரிடம் நகர்ந்ததன் மொழியடையாளமாக அதைக் கொள்ளலாம்.

5. மதிப்பொட்டு: மரபு வகுத்த வழி

அன்புச்சொல்லை இயற்பெயராக்கும் ஒரு வழியைத் தமிழ் மரபு முன்பே கண்டிருந்தது. அன்புச்சொல்லோடு அம்மாள், அம்மை, ஆயி, ஆத்தாள், நாச்சி போன்ற மதிப்பொட்டைச் சேர்ப்பதே அது. செல்லம் என்பது செல்லம்மாள் ஆயிற்று. தங்கம் தங்கம்மாள் ஆயிற்று. குஞ்சு குஞ்சம்மாள் எனவும், பொன்னு பொன்னம்மாள் எனவும், முத்து முத்தம்மாள் எனவும், பாப்பா பாப்பம்மாள் எனவும் அமைந்தன. அடிச்சொல் வீட்டுக்கு, ஒட்டுடன் கூடிய வடிவம் ஊருக்கு. தனியே தேட வேண்டிய தேவையின்றி ஒரே சொல் இரு நிலைகளிலும் நின்றது. பாரதியின் துணைவியார் செல்லம்மாளின் பெயர் இதற்கு யாவரும் அறிந்த சான்று.

அடிப்பெயரையும் மதிப்புக்கூறையும் பிரித்துக் காணத்தக்க இவ்வமைப்புச் சங்கப் பெண்பாற் புலவர் பெயர்களிலும் உள்ளது. காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார், அள்ளூர் நன்முல்லையார், ஒக்கூர் மாசாத்தியார் ஆகிய பெயர்களில் செள்ளை, பசலை, முல்லை, சாத்தி என்பன அடிப்பெயர்கள். முன்னொட்டாக நகரமும் நன், மா என்பனவும் வந்து சிறப்புணர்த்துகின்றன. பின்னொட்டாக ஆர் விகுதி மதிப்புணர்த்துகிறது. இவ்வடிப்பெயர்களைச் செல்லப்பெயர்கள் எனக் கொள்ள வேண்டுவதில்லை. சிறிய பெயரொன்று ஒட்டுகளால் பொதுவெளிக்குரிய பெயராக உயரும் முறை பழமையானது என்பதே இங்குக் கருதத்தக்கது.

கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் அம்மாள், ஆயி முதலிய ஒட்டுகள் புதிய பெயர்களில், குறிப்பாக நகர்ப்புறத்தில், அருகின. அவை முதுமையையும் நாட்டுப்புறத் தன்மையையும் உணர்த்துவனவாகக் கருதப்பட்டதே இதற்குக் காரணம். ஒட்டு நீங்கியதும் அன்புச்சொல் துணையற்றுத் தனித்து நின்றது. அம்மு என்னும் சொல்லை அவ்வாறே பதிவேட்டில் இடத் தயங்கும் பெற்றோர், அதனோடு ஒலியால் தொடர்புடைய வேறொரு சொல்லைத் தேட நேர்ந்தது.

எனினும் அன்புச்சொல்லே இயற்பெயராவது பெண்ணின் மதிப்புக்குக் குறைவு என்னும் அச்சத்துக்கு வரலாற்றில் வலுவான சான்றில்லை. களஞ்சியம் மகளிர் இயக்கத்தின் வழியே அறியப்பட்ட மதுரை சின்னப்பிள்ளை, அப்பெயராலேயே 2019 ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

6. இயற்பெயரைப் பெறும் நெறிகள்

செல்லப்பெயரிலிருந்து இயற்பெயரைப் பெறுதல் மரூஉவைத் தலைகீழாக்கும் செயல். மரூஉவில் பல பெயர்கள் ஒரு வடிவில் வந்து கூடும். ராஜேஸ்வரி, ராஜலட்சுமி, ராஜாத்தி என்னும் மூன்றும் ராஜி ஆகின்றன. எனவே எதிர்த்திசையில் ஒரு செல்லப்பெயரிலிருந்து பல வழிகள் பிரிகின்றன. அவற்றை மூன்று நெறிகளில் அடக்கலாம்.

முதல் நெறி முன்னிலை விரிவு. செல்லப்பெயர் இயற்பெயரின் முதற்பகுதியாக நிற்கும். கயல் என்பது கயல்விழி ஆகும். தேனு தேன்மொழி அல்லது தேன்மலர் ஆகும். யாழு யாழினி ஆகும். கனி கனிமொழி ஆகும்.

இரண்டாம் நெறி பின்னிலை விரிவு. செல்லப்பெயர் இறுதிப்பகுதியாக நிற்கும். குழலி பூங்குழலி ஆவதும், கொடி மலர்க்கொடி ஆவதும், நிலா வெண்ணிலா ஆவதும் இதன்பாற்படும். பிறந்த விண்மீனுக்குரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் எனக் குடும்பத்தார் விரும்புமிடத்து இந்நெறி கைகொடுக்கிறது. முதலெழுத்தை அவ்வழக்கத்துக்கு விட்டு, விரும்பிய செல்லப்பெயரைப் பெயரின் பிற்பகுதியில் காத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நெறி பொருள்வழி விரிவு. ஒலியை விடுத்துப் பொருளைப் பற்றுவது இது. தங்கம் என்றழைக்கப்படும் குழந்தைக்குப் பொன்மணி எனப் பெயரிடுதல் இவ்வகை. பொருள்வழி விரிவில் செல்லப்பெயரின் ஓசை இயற்பெயரில் கேட்பதில்லை. 1916 ஆம் ஆண்டில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள் தம் மகள் திரிபுரசுந்தரியின் பெயரை முந்நகரழகி என மாற்றினார். இங்குப் பொருள் முழுமையாக நின்றது; ஒலி முழுமையாக மாறியது. சுந்தரி என்னும் சுருக்கம் முந்நகரழகியிலிருந்து பிறக்க வழியில்லை. செல்லப்பெயரை நிலைக்கச் செய்வது பொருளொப்புமையினும் ஒலியொப்புமையே என்பது இதனால் விளங்கும்.

அம்மு போன்ற அன்புச்சொற்களுக்கு முதல் நெறியே ஓரளவு பயன்படும். அமுதா, அமுதவல்லி, அம்பிகா ஆகியன முதலசை ஒப்புமையால் அம்முவோடு இயைகின்றன. முதலசை ஒத்திருந்தால் ஈறு வேறுபடினும் கேட்போர் இரண்டையும் ஒரு பெயரின் இரு வடிவங்களாக உணர்வர்.

7. புணர்ச்சி விளைவிக்கும் மாற்றம்

தமிழ்த் தொகைப்பெயர்களைத் தேர்வோர் பெரிதும் கவனிக்காத கூறு புணர்ச்சி. நிலைமொழி ஈறு வருமொழி முதலோடு கூடுங்கால் செல்லப்பெயரின் வடிவம் மறைவதும் உண்டு. மறையாது நிற்பதும் உண்டு.

பொன்னு என்றழைக்க விரும்புவோர் பொற்கொடி, பொற்செல்வி எனப் பெயரிடின், வல்லினத்தின் முன் னகர மெய் றகர மெய்யாகத் திரிவதால் பொன் என்னும் ஒலி மறைகிறது. பொன்மணி, பொன்மலர், பொன்னழகி என்பவற்றில் அது நிற்கிறது. அருள் என்னும் அடியும் அவ்வாறே. அருட்செல்வியில் ளகரம் டகரமாகவும், அருண்மொழியில் ணகரமாகவும் திரிகிறது. அருளரசியில் திரிபில்லை. முத்து என்பது முத்துலட்சுமியில் முழுதும் நிற்க, முத்தழகியில் குற்றியலுகரம் கெட்டு நிற்கிறது.

பின்னிலை விரிவிலும் இது நிகழும். வெண்ணிலாவில் நிலாவின் முதல் நகரம் ணகரமாகத் திரிகிறது. பேச்சில் இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாவிடினும் எழுத்தில் நிலா என்னும் சொல் அதே வடிவில் இல்லை. ஆகவே, செல்லப்பெயர் இயற்பெயரினுள் எழுத்திலும் ஒலியிலும் தெளிவாக நிற்க வேண்டுமெனின், இயல்பு புணர்ச்சி அமையும் தொகைப்பெயரைத் தேர்வது தக்கது. கயல்விழி, தேன்மொழி, கனிமொழி ஆகியன அத்தகையன.

மொழிமுதல் எழுத்து வரையறையும் இதனோடு தொடர்புடையது. ரகர லகரங்கள் தமிழில் மொழிக்கு முதலாகா. செல்லப்பெயரில் இவ்வரையறை பேணப்படுவதில்லை. லக்கி என்றழைக்கப்படும் குழந்தைக்கு இலக்கியா என்னும் பெயர் பொருந்துவது, முன்வரும் இகரம் பேச்சில் இயல்பாகவே கெடுவதால்தான்.

8. ஆவணமும் உரிமையும்

ஒருவருக்கு இரு பெயர்கள் வழங்குவதும் அவற்றை ஆவணத்தில் இணைப்பதும் புதியன அல்ல. முதலாம் இராசராசனின் தேவியார் 'தந்திசக்தி விடங்கியான லோகமாதேவி' எனக் கல்வெட்டில் குறிக்கப்படுகிறார். அங்கு ஒன்று சிறப்புப்பெயராயினும், இரு பெயர்களும் ஒருவரையே சுட்டுவன என்பதை 'ஆன' என்னும் சொல் உறுதிசெய்கிறது. இன்றைய பத்திரங்களில் 'என்கிற' என்னும் சொல் அப்பணியைச் செய்கிறது.

இன்று இவ்விணைப்பு எளிதன்று. 1969 ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 14 ஆம் பிரிவு, பெயரின்றிப் பதிவான குழந்தைக்குப் பின்னர்ப் பெயர் சேர்க்க வழிசெய்கிறது. 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் சேர்க்கலாம். இச்சட்டத்தின் 2023 ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு முதலியவற்றில் பிறப்புச் சான்றிதழே பிறந்த நாளுக்கும் இடத்துக்கும் சான்றாகிறது. முன்னர்ப் பள்ளியில் சேர்க்கும் நாளில் ஆசிரியர் முன்னிலையில் பெயரை முடிவுசெய்யும் நெகிழ்ச்சி இருந்தது. இனி முதற்பதிவே ஏனைய ஆவணங்களுக்கு அடிப்படையாகும்.

தமிழர் பெரும்பாலும் குடும்பப்பெயர் இன்றித் தலைப்பெழுத்தும் தனிப்பெயரும் கொண்டு வழங்குபவர். ஆதலின் ஆளடையாளத்தின் முழுச்சுமையும் தனிப்பெயர் மேல் விழுகிறது. பெண்ணுக்குத் திருமணத்துக்குப்பின் தலைப்பெழுத்து மாறுவதும் உண்டு. அப்போது மாறாது நிற்பது தனிப்பெயர் ஒன்றே. ஓர் ஆவணத்தில் செல்லப்பெயரும் மற்றோர் ஆவணத்தில் இயற்பெயரும் இருப்பின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்பெண்ணைச் சேர்கிறது. தமிழ்நாட்டில் 1989 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் நாடளவில் 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தாலும் இந்து வாரிசுரிமைச் சட்டம் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வழங்கியது. அப்பங்கைப் பெற வாரிசுச் சான்றிதழிலும் பட்டாவிலும் பெயர் ஒத்திருத்தல் வேண்டும். பெயர்ப் பொருத்தம் அழகுணர்ச்சி சார்ந்த விருப்பமாக மட்டும் நின்றுவிடாமல் உரிமைக்குரிய பொருளாவது இவ்விடத்தேயாகும்.

ஆங்கில எழுத்துப்பெயர்ப்பு இச்சிக்கலை மிகுவிக்கிறது. யாழினியின் ழகரத்தை ஒரு பதிவேடு 'இசட்–எச்' என்றும் மற்றொன்று 'எல்' என்றும் எழுதுகின்றன. தமிழில் ஒரே வடிவாக இருக்கும் பெயர் ஆங்கிலத்தில் இரண்டாகிறது. முதற்பதிவின்போதே ஓர் எழுத்துமுறையை உறுதிசெய்து எல்லா ஆவணங்களிலும் பின்பற்றுவது இன்றியமையாதது.

வங்க மரபில் வீட்டுப்பெயர் 'டாக் நாம்' எனவும் வெளிப்பெயர் 'பாலோ நாம்' எனவும் தெளிவாகப் பிரிக்கப்படுகின்றன. இரண்டுக்கும் ஒலித்தொடர்பு வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு அங்கில்லை. எழுத்தாளர் ஜும்பா லாஹிரியின் இயற்பெயர் நீலாஞ்சனா சுதேஷ்ணா. அமெரிக்கப் பள்ளியில் ஆசிரியர் எளிமை கருதி வீட்டுப்பெயரையே வழங்க, அதுவே உலகறிந்த பெயராயிற்று. இரு பெயர்களும் முற்றிலும் வேறாக இருப்பின், எது நிலைக்கும் என்பதைப் பெற்றோரோ குழந்தையோ அல்லாத மூன்றாமவர் முடிவுசெய்ய நேரிடும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. ஒலித்தொடர்புடைய இணையில் இவ்விடர் குறைவு.

9. தொகுப்புரை

செல்லப்பெயர் விளியில் தோன்றி, மரூஉவின் வடிவும் குழூஉக்குறியின் எல்லையும் கொண்டு, உவகை வழுவமைதியை ஏற்று நிற்கும் சொல்.

அதனை இயற்பெயராக உயர்த்த மதிப்பொட்டு என்னும் வழி தமிழில் இருந்தது. அவ்வொட்டு அருகியபின் முன்னிலை, பின்னிலை, பொருள்வழி என்னும் மூவகை விரிவுகள் அவ்விடத்தை நிரப்புகின்றன. இவற்றுள் முதலசை ஒப்புமையைக் காக்கும் முன்னிலை விரிவு செல்லப்பெயரை நிலைக்கச் செய்வதில் வலுவுடையது.

தொகைப்பெயரில் இயல்பு புணர்ச்சி அமைவன செல்லப்பெயரை மறையாது காட்டுகின்றன. திரிபுப் புணர்ச்சி அமைவன மறைக்கின்றன.

தனிப்பெயரே முழு அடையாளமாகும் தமிழ்ச்சூழலில், இயற்பெயர் முதற்பதிவிலேயே ஒரே எழுத்துமுறையில் இடம்பெறுதல் பெண்ணின் கல்வி, சொத்து ஆகிய உரிமைகளுக்குத் துணையாகும். செல்லப்பெயர் பெற்றோர் தம் மகிழ்ச்சிக்காக வழங்குவது. இயற்பெயரை வாழ்நாள் முழுதும் சுமந்து மெய்ப்பிப்பவள் அப்பெண். இரண்டும் ஒன்றையொன்று நினைவூட்டும் வகையில் அமையின் வீட்டின் அன்பும் வெளியின் மதிப்பும் ஒரே பெயரில் கூடும். அருகிவரும் மதிப்பொட்டுப் பெயர்களை வட்டார வாரியாகத் தொகுத்து ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.